காணாமல் போன குதிரை: உயர் தெளிவுப் பதிப்பு

1992-ல் மதிவதனி ஒரு கணினி விளையாட்டு எழுதினாள். பெயர், 'காணாமல் போன குதிரை'. அந்தியூர்ச் சந்தையில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்ட ஒரு குதிரையைத் தேடி ஒரு பெண் காடு மலையெல்லாம் அலைகிறாள். வழியில் ஆறு வரும், யானை வரும், குகை வரும். ஒவ்வோர் இடத்திலும் யோசித்து வழி கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் குதிரை கிடைக்கும்.

கறுப்பு வெள்ளைத் திரை. குதிரை பதினேழு புள்ளிகளால் ஆனது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் குதிரை. சும்மா பார்த்தால் கயிற்றுக் கட்டில். அப்படியும் கோயமுத்தூரில் கணினி வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதை ஃபிளாப்பியில் நகலெடுத்து விளையாடினார்கள். மில் ஆபீஸ்களில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கக் குதிரை தேடினார்கள். "ஏனுங்க, அந்த யானைக்கு என்ன குடுத்தா நகருமுங்க?" என்று டவுன் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் ஒருவர் என்னையே கேட்டிருக்கிறார்.

நான் ஐயாசாமி. அப்போது காந்திபுரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். அதே மாடியில் எதிர் அறையில் மதிவதனி கணினி வகுப்பு நடத்தினாள். வால்பாறைக்காரி. அப்பா அம்மா இருவரும் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். தான் படித்த எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு என்றைக்காவது கணினி வர வேண்டும், அங்கே தானே போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் அவளுக்கு இருந்ததாக எனக்குத் தெரியாது.

1997-ல் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. 'கணினிவழி அறிவுசார் பொழுதுபோக்கு மேம்பாட்டுப் பிரிவு' என்று ஓர் அலுவலகம் இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். மேற்படி விளையாட்டை வண்ணத்தில், ஒலியுடன், உயர் தெளிவில் புதுப்பித்து, சிடியில் பதித்து, பன்னிரண்டு மலைப் பள்ளிகளுக்குப் புதுக் கணினிகளுடன் வழங்க மேற்படி பிரிவு பெருமகிழ்ச்சியுடன் உத்தேசித்திருந்தது. பட்டியலில் மூன்றாவதாக இருந்தது அவளுடைய பள்ளிக்கூடம். அங்கே கணினி ஆசிரியர் பணிக்கு அவள் பெயர் 'அனுதாபத்துடன் பரிசீலிக்கப்படும்' என்றும் இருந்தது.

நாலு மாதம் சரியாகத் தூங்காமல் வரைந்தாள். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். செம்பழுப்புக் குதிரை. நெற்றியில் வெள்ளைத் திட்டு. காற்றில் பிடரி அசைந்தது. ஐந்து வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த குதிரைக்குக் கண்ணிமை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிரிவின் மேம்பாட்டுக் குழுவிடம் காட்டப் போனபோது மானிட்டரைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அதனால் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. குழுத் தலைவர் துணை இயக்குநர் திருமூர்த்தி. நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க அம்மணி. ஆனா இந்தப் புள்ளை காலுல செருப்பு இல்லீங்களே?"

"பழசுலயும் இல்லீங்க சார்."

"பழசுல காலே தெரியலீங்க. இப்பத் தெரியுது. தெரிஞ்சா கேள்வி வருமுங்க."

செருப்பு போடப்பட்டது. அடுத்த கூட்டத்தில், செருப்புப் போட்டதனால் அவள் வசதியான வீட்டுப் பெண்ணாகத் தெரிகிறாள், அப்படிப்பட்ட பெண் தனியாகக் காட்டுக்குப் போவது பொருத்தமாக இல்லை என்று ஒரு உறுப்பினர் வருத்தப்பட்டார். ஒரு மாமா சேர்க்கப்பட்டார். அதற்கடுத்த கூட்டத்தில், இரண்டு பேர் காட்டுக்குள் போனால் அது குழு, குழுவென்றால் அனுமதி வேண்டும் என்று கண்டுபிடிக்கப்பட்டது.

"அனுமதி வாங்கறதுக்கு ஒரு ஆபீஸ் வெச்சுப்போடலாமுங்க" என்றார் திருமூர்த்தி. "காட்டுக்கு முன்னால. சின்னதா ஒரே ரூம்பு."

மதிவதனி என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு பள்ளிக்கூடம் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. "சரிங்க சார்" என்றாள்.

ஆபீஸை வரைந்து கொண்டுபோனாள். மேசை, பீரோ, சுவர்க் கடிகாரம், அலுவலர் நாற்காலி. திருமூர்த்தி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார்.

"நாற்காலியில துண்டு எங்கீங்க?"

"துண்டுங்களா?"

"துண்டு இல்லாட்டி அலுவலர் நாற்காலின்னு எப்படிங்க தெரியும்? பொதுமக்கள் பாட்டுக்கு உக்காந்துபோடுவாங்க."

துண்டு வரையப்பட்டது. உயர் தெளிவு போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. நூலிழை தெரிய வேண்டும் என்றார்கள். தெரியவைத்தாள். கரையில் பச்சைக் கோடு வேண்டும் என்றார்கள். போட்டாள். அந்தத் துண்டு சிடியில் பிடித்துக்கொண்ட இடத்துக்காக ஆற்றை எடுக்க வேண்டியதாயிற்று.

ஊரெல்லாம் வாஸ்து பார்த்துக்கொண்டிருந்த காலம். குழுவும் நரசிம்மலு என்ற நிபுணரை வரவழைத்தது. அவர் திரையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். குகை வாசல் தென்மேற்கில் இருக்கிறது, விளையாடுகிறவர் குடும்பத்துக்கு ஆகாது என்றார்.

"குகைக்குங்களா வாஸ்து?" என்று நான் வாயை விட்டுவிட்டேன்.

"உள்ளே போறது மனுசன்தானுங்களே?" என்றார் நரசிம்மலு.

வாசலை வடகிழக்குக்கு மாற்றினால் அங்கே யானை நின்றது. யானையைத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குத் தள்ளினார்கள். தோப்புக்குள் வந்த யானையென்றால் பயிர்ச்சேத விண்ணப்பம் கட்டாயம். அதற்கும் அதே ரூமில்தான் மனுக் கொடுக்க வேண்டும். கடைசியில் ஆபீஸ் ரூமுக்கு மட்டும் பதினான்கு படிவங்கள் சேர்ந்தன. குதிரை அப்படியே இருந்தது. யாரும் அதுவரைக்கும் விளையாடிப் பார்க்காததால் அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

வெளியீட்டு விழா பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பம்புசெட்டு கம்பெனி முதலாளி குமாரசாமி சிறப்பு விருந்தினர். மேடையில் கணினி, சுவரில் பெரிய திரை. முதல் பொத்தானை அழுத்தினார். ஆபீஸ் ரூம் வந்தது. துண்டு பளபளத்தது. கைதட்டினார்கள்.

'அலுவலர் முகாம் சென்றுள்ளார்' என்றது திரை.

குமாரசாமி காத்திருந்தார். பத்து நிமிடம் ஆயிற்று. யாரும் சிரிக்கவில்லை, யாருக்கும் கோபமும் வரவில்லை. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "நாலு மணிக்கு மேல பாருங்க சாமி, அப்பத்தான் சீட்டுல இருப்பாங்க" என்றார். இன்னொருவர், "பியூனைத் தட்டிப் பாருங்க" என்றார். குமாரசாமி பியூன் படத்தைத் தட்டினார். 'உணவு இடைவேளை' என்று வந்தது. எல்லோரும் எழுந்து சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்தபோது, 'படிவம் ஒன்பதில் மாமாவின் கையொப்பம் இல்லை' என்று வந்திருந்தது.

குமாரசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கைப் பிடித்து, "அச்சு அசலா நம்ம ஆபீசுக்குப் போனாப்பலயே இருக்குதுங்க! என்ன தெளிவு!" என்றார். மறுபடி கைதட்டல்.

சிடி கடைகளுக்கும் விற்பனைக்கு வந்து ஒரு மாதம் போயிற்று. முதல் ரூமைத் தாண்டி ஒருவரும் போகவில்லை. "ஐயாசாமியண்ணா, குதிரையை ஒருத்தரும் பாக்கலீங்க" என்றாள் மதிவதனி. சனங்கள் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள், பழைய பதிப்பைக் கேட்டு வருவார்கள் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

என் கணிப்புத் தப்பு. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பயிற்சி மையம் திறந்தது. 'முதல் அறை தாண்ட உத்தரவாதம்' என்று போர்டு. அடுத்த வாரம் பொள்ளாச்சியில் இரண்டு, திருப்பூரில் மூன்று. பிரிவும் சும்மா இருக்கவில்லை. ஒரு எழுத்துத் தேர்வும் சான்றிதழும் அறிவித்தது. பிள்ளைகளை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்கே வந்து நின்றார்கள். வரிசையில் நின்ற ஒரு அம்மாவிடம் மதிவதனி போய், "ரூம்பைத் தாண்டினா காட்டுல ஒரு குதிரை இருக்குதுங்க, ரொம்ப அழகா இருக்கும்" என்றாள்.

"அதுக்கு மார்க் இருக்குதா கண்ணு?" என்று கேட்டார் அந்த அம்மா.

மலைப் பள்ளிகளுக்குக் கணினிகள் போய்ச் சேர்ந்தன. அதைப் பொய் சொல்லக் கூடாது, பன்னிரண்டும் போயின. மதிவதனி ஆசிரியர் வேலை விஷயமாக அலுவலகத்துக்குப் போனாள். கண்காணிப்பாளர் பொங்கியண்ணன் கோப்பைப் புரட்டினார்.

"எல்லாம் சரியா இருக்குதுங்க. குதிரைச் சான்றிதழ் மட்டும் வெக்கலீங்களே?"

"சார், அந்த விளையாட்டை எழுதினதே நானுங்க."

"தெரியுமுங்க அம்மணி. எம் பையன் ராப்பகலா அதைத்தான் படிக்கறான். ஆனா நீங்க எழுதுனது பழசுங்க. சான்றிதழ் புதுப் பதிப்புக்குங்களே."

"புதுசையும் நானேதானுங்க..."

"எழுதுனவங்களுக்கு விலக்குன்னு ஆணையில ஒரு வரி இருந்தா நான் இப்பவே போட்டுக் குடுத்துருவேனுங்க." உண்மையிலேயே வருத்தத்துடன்தான் சொன்னார். "பயிற்சி மையத்துல சாயங்கால வகுப்புல இடம் இருக்குது. சொல்லி வெக்கட்டுங்களா?"

அவள் அன்றைக்கு வகுப்பு எடுக்கவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். அழுதாளா என்று தெரியாது. மறுநாள் ஆர்.எஸ்.புரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். நுழைவுத் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று எடுத்தாளாம். அடிப்படை பலவீனமாக இருக்கிறது என்று மாஸ்டர் சொன்னாராம்.

நானும் அங்கேதான் சேர்ந்திருந்தேன். என் இன்ஸ்டிடியூட்டில் மெஷினுக்கு ஒரு ஆள்கூட இல்லாமல் போயிருந்தது. சான்றிதழ் வாங்கி, காந்திபுரத்தில் நானும் ஒரு மையம் ஆரம்பிக்கலாம் என்று எண்ணம். இதை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததால் கடைசி பெஞ்சில் உட்காருவேன்.

தேர்வு நாளில் எனக்கு அவள் பக்கத்து மேசை. துண்டின் கரை என்ன நிறம், படிவம் ஒன்பதில் எத்தனை கையொப்பம் என்று கேள்விகள். எல்லாம் மனப்பாடம் செய்தவைதான். கடைசிக் கேள்வி: 'இவ்விளையாட்டை உருவாக்கியவர் யார்?'

மதிவதனியின் பேனா நின்றுவிட்டது. சன்னல் பக்கம் பார்த்தாள். மேற்பார்வையாளர், "இன்னும் ரெண்டு நிமிசந்தானுங்க" என்றார். அவள் குனிந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல், 'கணினிவழி அறிவுசார் பொழுதுபோக்கு மேம்பாட்டுப் பிரிவு' என்று எழுதினாள்.

எனக்குப் பதில் தெரியும். ஐந்து வருடம் எதிர் அறையில் இருந்து பார்த்தவன் நான். சரியான பதில்தான் தெரியவில்லை. அதனால் அவளை எட்டிப் பார்த்து, ஒரு எழுத்துக்கூட மாறாமல் எழுதிப்போட்டேன்.

இருவருக்கும் நூற்றுக்கு நூறு.