நான் சாகவில்லை, ஏரிக்குத்தான் போயிருந்தேன்

நாரின்,
ஆகஸ்ட் 11

தலாஸில் இருக்கும் என் மரியாதைக்குரிய அக்கா சோனுன்பூபூ அவர்களுக்குத் தம்பி கபார்பெக் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ஐம்கானும் குதிரையும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்காலும் ஆடுகளும் சௌக்கியமா என்று அறிய ஆவல்.

முதலில் முக்கியமான சமாசாரம். நான் சாகவில்லை. நேற்று பக்கத்து வீட்டுப் போனிலிருந்து உங்களை மூன்று தடவை கூப்பிட்டேன். முதல் தடவை "அக்கா, நான்தான்" என்றதும் நீங்கள் துஆ ஓத ஆரம்பித்துவிட்டீர்கள். இரண்டாம் தடவை, என்னை எங்கே அடக்கினார்கள் என்று என்னிடமே கேட்டீர்கள். மூன்றாம் தடவை எடுக்கவே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை வேன் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கையெழுத்தைப் பாருங்கள். இந்த லட்சணத்தில் வேறு யாராலும் எழுத முடியாது.

என்னைப் பொறுப்பில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் லாரி ஓட்டி ரிட்டயரான அன்றே, நீங்கள் சொன்னபடி என் சாவுச் செலவுக்குச் சேர்க்க ஆரம்பித்தவன் நான். அப்பா போனபோது கடன் வாங்கி ஊருக்குச் சோறு போட்டு, அந்தக் கடனை நீங்கள் நாலு வருஷம் பால் விற்று அடைத்ததை நான் மறக்கவில்லை. எங்களுக்கோ பிள்ளை இல்லை, யார் தலையிலும் பாரம் விழக் கூடாது. ஏழு வருஷத்தில் பிஸ்கட் டின்னில் எண்பதாயிரம் சோம் பணம், விருந்துக்கு வெட்ட ஒரு பெண் குதிரை, சாவுக்கு வரும் பெண்களுக்கு ஆளுக்கொரு துண்டாகக் கிழித்துக் கொடுக்கப் பூப்போட்ட துணி ஒரு முழுச் சுருள், எல்லாம் தயாராகிவிட்டது. நான் சாவது மட்டும்தான் பாக்கி.

வினை டாக்டர் ரூபத்தில் வந்தது. ரத்தக் கொதிப்பு இருக்கிறது, தினமும் வெளியே போய்க் காற்று வாங்குங்கள் என்றார். நடந்தால் கால் வலிக்கிறது, குதிரையோ சும்மா நின்று தின்கிறது, ஏறி உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது. ஒரு மாதத்தில் என் ரத்தக் கொதிப்பு இறங்கிவிட்டது, குதிரையின் கொழுப்பும் இறங்கிவிட்டது. ஆற்றங்கரை வரைக்கும் போய் விசிலடித்துக்கொண்டே திரும்புவேன். ஒருநாள் அப்படித் திரும்பியபோது ஐம்கான் வாசலிலேயே மறித்தாள்.

"உங்க சாவுக்கு வாங்கின குதிரையில நீங்க ஜாலியா சவாரி போறீங்க. நான் எதுலங்க போறது?"

நியாயமான கேள்வி. அறுபத்து நாலு வயதாகியும் அவள் இஸிக்குல் ஏரியில் கால் நனைத்ததில்லை. நானும்தான். இத்தனைக்கும் வேனில் ஏறினால் அரை நாள் பயணம். மறு வாரம் டின்னைத் திறந்து பதினாறாயிரம் எடுத்தேன்.

அக்கா, அங்கே மோட்டார் படகுக்குப் பின்னால் காற்றடைத்த நீளமான ரப்பர் ஒன்றைக் கட்டி, அதன்மேல் வரிசையாக ஆட்களை உட்கார வைத்து இழுக்கிறார்கள். ஐம்கான் அதில் முதல் ஆளாக ஏறி, திருப்பத்தில் தண்ணீரில் விழுந்தாள். நான் சட்டைப்பையில் போனோடு பாய்ந்தேன். போன் அங்கேயே முடிந்தது. அவள் இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்று, சிரிப்பை அடக்க முடியாமல், இன்னொரு தடவை போக எவ்வளவு என்று படகுக்காரனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

இனித்தான் தப்பு நடந்த இடம். குளிக்க உடுப்பு வேண்டுமென்று சாவுத் துணியை எடுத்துத்தான் ஐம்கான் தனக்கு ஒரு கவுன் தைத்திருந்தாள். மிச்சத் துணியையும் கொண்டுவந்திருந்தாள். வெயில் தாங்காமல் பக்கத்து அறைப் பெண்கள் நாலு பேர் தவிக்க, தலையில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். கத்தரிக்கோல் இல்லை, கையாலேயே கிழித்தாள். நம் சித்தப்பா மகள் ஜிபாரா பேரப்பிள்ளைகளோடு அதே கரைக்கு வந்து தொலைத்திருக்கிறாள். நாலு பெண்களிடம் கிழித்த துணி. யார் கொடுத்தது என்று கேட்டாளாம், கபார்பெக் வீட்டம்மா என்றார்களாம். அவளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? என் போனுக்கு அடித்துப் பார்த்திருக்கிறாள், அதுவும் ஊமை. உடலை வேனில் கொண்டுவருகிறார்கள் என்பதுவரை அவளே சேர்த்து, தலாஸுக்கும் நாரினுக்கும் போன் போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் ஊர் வந்து இறங்குகிறோம். என் கழுத்தில் நீச்சல் வளையம், காற்றடிக்கக் காசு கொடுத்திருக்கிறது என்று அதன் காற்றை இறக்க ஐம்கான் விடவில்லை. பார்த்தால் எங்கள் முற்றத்தில் சாவுக்குப் போடுகிற கம்பளிக் கூடாரம், வாசலில் ஆண்கள் வரிசை. யார் போனது என்று கேட்பதற்கு முன்னாலேயே ஓலமிட்டுக்கொண்டு ஓடுவதுதானே நமக்கு வழக்கம், ஓடினேன். ஐம்கான் என் பக்கத்தில் இருக்கிறாள், அப்படியானால் எனக்கென்று மிச்சம் இருப்பது நீங்கள் ஒருத்திதான். உங்கள் கூடாரம் என் முற்றத்தில் எதற்கு என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. வழக்கத்துக்காக ஆரம்பித்த அழுகை நிஜ அழுகையாகிவிட்டது, அக்கா.

வரிசையில் முதலில் நின்ற பக்கத்து வீட்டு இஷெனாலி என்னைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்து அழுதான்.

"பாவி மனுஷன், ஏழு வருஷமா சேத்து சேத்து வெச்சான். ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தின்னதில்ல."

யாரைச் சொல்கிறாய் என்றேன். கபார்பெக்கைத்தான் என்று சொல்லி நிமிர்ந்து பார்த்தவன், நீச்சல் வளையத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டான்.

கொல்லையில் குதிரையின் காலைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். ஓடிப்போய் நானே அவிழ்த்துவிட்டேன். ஆனால் ஐந்து ஊரிலிருந்து வந்த சனத்தை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? மூன்று ஆடு, ரொட்டி, டீ, சர்க்கரை என்று ஐம்பதாயிரம் ஆயிற்று. சாவுக்குச் சேர்த்த பணம் சாவு விருந்துக்கே போய்விட்டதால் என்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் என்னைப் பற்றி நல்லபடியாகவே பேசினார்கள். நானும் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஆனாலும் புத்தி வந்துவிட்டது. டின்னில் பதினாலாயிரம்தான் மிச்சம். அடுத்த பென்ஷனிலிருந்து பாதியை அதில் போடுவேன். குதிரைமேல் இனி ஏறமாட்டேன். ஏரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன். என் சாவுக்கு மொய்யாக நீங்கள் அனுப்பிய ஐயாயிரத்தை உடனே திருப்பி அனுப்புகிறேன்.

உங்கள் ஆடுகள் பெருகட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும், முழங்கால் உங்கள் பேச்சைக் கேட்கட்டும்.

உயிரோடிருக்கும் தம்பி,
கபார்பெக்

பி.கு: ஐம்கான் கடிதத்தை வாங்கிப் படித்தாள். "வாசல்ல என்ன சொல்லி அழுதீங்கன்னு மட்டும் எழுதலையே" என்றாள். மறைக்க நினைத்தேன், எழுதிவிடுகிறேன். "எங்கக்கா அந்த ஏரியப் பாக்காமலே போயிட்டாளே" என்று அழுதேன். எழுபத்து நாலு வயது ஆகிறது உங்களுக்கு. அதனால் ஐயாயிரம் திரும்பி வராது. டின்னில் இருப்பதையும் சேர்த்து, அடுத்த சனிக்கிழமையிலிருந்து மூன்று பேருக்கு அறை சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜிபாரா வண்டியோடு வந்து உங்களை ஏற்றிக்கொள்வாள், அவள் செய்ததற்கு அதுதான் தண்டனை. தண்ணீருக்குள் நின்றால் முழங்கால் வலிக்காது, நான் விசாரித்துவிட்டேன். உங்கள் சாவுக்கென்று சேர்த்து வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து அந்த நீலப் பூப்போட்ட துணியில் மூன்று மீட்டர் எடுத்து வாருங்கள், ஐம்கான் தைத்துத் தருவாள். கிளம்பும்போது தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் உங்கள் சாவுக் குதிரையின் காலையும் கட்டிவிடுவார்கள்.