பங்குக் கிணற்றிலிருந்து ஒரு ராஜிநாமா

கொக்குவில்,
தாது வருடம் ஆவணி மாதம், ஞாயிறு காலை.

ஈப்போ நகரத்தில் புகையிரத உத்தியோகத்தோடும் தேகசுகத்தோடும் விளங்கும் எனது மைத்துனர் சீவரத்தினம் அவர்களுக்கு, நல்லூரான் துணை முன்னிற்க, கனகலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை இராசமலரும் பசுமாடும் நலம். வீட்டில் இப்போது என்னோடு முகம் கொடுத்துப் பழகுவது பசுமாடு மட்டுமே.

காரணத்தைச் சொல்கிறேன், மச்சான். தபாற்கந்தோர் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய பிறகு எனக்குப் பத்திரிகை வாசிப்பதே தொழில் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தால் வந்த வினை இது. பத்து நாளைக்கு முன் எங்கள் வாசிகசாலையில் ஒரு விவாதம் வைத்தார்கள். சர்வதேச சங்கத்தில் இங்கிலாந்து தொடர்ந்து இருக்கலாமா, விலகலாமா என்பது பொருள். விலக வேண்டும் என்ற கட்சிக்கு நான். இருக்க வேண்டும் என்ற கட்சிக்குக் குருநகரிலிருந்து அடைக்கலநாதன் மாஸ்ரர் சைக்கிளில் வந்திருந்தார். அபிசீனியாவின் மேல் இத்தாலி பாய்ந்தபோது ஐம்பது தேசங்கள் ஜெனீவாவில் கூடி, இத்தாலிக்கு அதை விற்கக்கூடாது, இதை விற்கக்கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டு, லொறியும் ஆகாயக்கப்பலும் ஓடுகிற எண்ணெயை மாத்திரம் அந்தத் தடையிலிருந்து விலக்கி வைத்தார்களே, அபிசீனியா ராசா நேரே வந்து நின்று முறையிட்டபோது இத்தாலிப் பத்திரிகைக்காரர் விசிலடித்தார்களே, இப்படி ஒரு சங்கத்தில் மானமுள்ளவன் இருப்பானா என்று கேட்டேன். கைதட்டலில் வாசிகசாலைக் கூரை ஓடு ஒன்று நகர்ந்துவிட்டது என்றார்கள். வென்றது நான்தான்.

மாஸ்ரர் தோற்ற முகத்தோடு போயிருக்கலாம். போகவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி, ‘உங்கடை கிணத்துக் கூட்டமும் உப்பிடித்தானே, ஐயா. அதிலை ஏன் இருக்கிறியள்?’ என்று கேட்டுவிட்டு ஏறிப் போனார்.

எங்கள் தோட்டக் கிணற்றுக்கு ஆறு பங்கு என்பது நீங்கள் அறியாததல்ல. ஆளுக்கொரு நாள் இறைப்பு. வியாழக்கிழமை சின்னாச்சியக்காவுடையது. புருசன் இல்லாத மனுசி, இரண்டு பரப்பு நிலத்தில் மிளகாய் வைத்திருக்கிறா. மேலைத் தோட்டத்துக் கதிரவேலு தன் நாளும் போதாதென்று மூன்று கிழமையாக அவவின் வியாழக்கிழமையையும் எடுத்து இறைக்கிறார். அவருக்கு மூன்று ஆண்பிள்ளைகள், மூவரும் வண்டிச் சில்லைத் தனிக்கையால் தூக்குகிறவர்கள். சின்னாச்சியக்கா முறையிட்டா. பங்காளர் ஆறு பேரும் வேம்பின் கீழ் கூடினோம். கதிரவேலு செய்வது பிழை என்று தீர்மானித்தோம். இனி அவருக்கு யாரும் கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்துத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கப் போவதில்லை என்றும் தீர்மானித்தோம். பிறகு, வெங்காயத்துக்கு இறைத்தால் மட்டும் போகலாம், பயிர் பாவம் என்று ஒரு விலக்கு வைத்தோம். கதிரவேலுவின் தோட்டத்தில் வெங்காயத்தைத் தவிர வேறு பயிர் இல்லை. அந்த விலக்கை முன்மொழிந்தவன் நான்தான், மச்சான். உங்களிடம் ஏன் ஒளிக்க வேண்டும்?

மாஸ்ரரின் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மேடையில் ஒன்று, வேம்பின் கீழ் வேறொன்றா என்று மனம் குடைந்தது. மறுநாளே ராஜிநாமாக் கடிதம் ஐந்து எழுதி, ஐந்தையும் பதிவுத் தபாலில் சேர்த்தேன். ஐந்து வீடும் நான் இருமினால் கேட்கிற தூரம். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

சேர்த்த பிறகுதான் உங்கள் தங்கையிடம் சொன்னேன். அவள் அரிவாளில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

‘அது என்ரை சீதனம். என்ரை காணி உறுதியிலை கிடக்கிற பங்கிலையிருந்து விலக நீங்கள் ஆர்?’

இருபத்தொன்பது வருடம் அந்தக் கூட்டத்தில் குந்தியிருந்தவனுக்கு அது தன் பங்கல்ல என்பதே மறந்துவிட்டது. அன்றைக்கு மூடிய அவள் வாய், இன்றுவரை சாப்பிடக் கூப்பிடத் திறக்கிறதோடு சரி.

அது போகட்டும். நேற்றுச் சின்னாச்சியக்கா வாசற் படலைக்குள் வந்து நின்றா. ஆறு பங்கும் இருந்தால்தான் கூட்டம், ஒருவர் குறைந்தாலும் பேச்சே எடுக்கக்கூடாது என்பது கிணறு வெட்டிய நாள் முதல் உள்ள கட்டு. நான் போனால் அவவின் முறைப்பாட்டை எடுக்க இடமே இல்லை. அந்தக் கூட்டம் என்னத்தைக் கிழித்தது அக்கா, உங்கள் மிளகாய்க் கன்று வாடினது வாடினதுதானே என்று சமாதானம் சொன்னேன்.

‘ஓம் தம்பி, ஒண்டும் செய்யாதெண்டு எனக்கும் தெரியும். ஆனால் அதிலை இருந்து நான் சொல்லேக்கை கதிரவேலு கேட்டுக்கொண்டிருக்க வேணும். வேறை எங்கை நான் சொல்லுறது? அவன்ரை படலையிலையோ?’

எனக்கு வெட்கமாகிப் போய்விட்டது. வாசிகசாலையில் நான் மணிக்கணக்காகப் பேசியும் இந்தக் கேள்வி என் வாயில் வரவில்லை. பலமுள்ளவனுக்குச் சங்கம் வேண்டியதில்லை, அவன் இருந்தாலும் ஒன்று விலகினாலும் ஒன்று. விலகிவிட்டேன் என்று மார்தட்டுகிற எனக்கும் பெரிய நட்டமில்லை, மாதம் பிறந்தால் பென்சன் வருகிறது. முறையிடப் போகிறவளுக்குத்தான் அந்த வேப்பமர நிழல் வேண்டும். ஆனால் பதிவுத் தபாலில் போனதை நான் எப்படித் திருப்பி வாங்குவது? ஊர் சிரிக்காதா? இன்று பின்னேரம் கூட்டம். நான் போகமாட்டேன். கொள்கை என்று ஒன்று சொல்லிவிட்டால் பிறகு அதோடுதான் சீவிக்க வேண்டும்.

ஆகையால் சீதனம் எழுதிக்கொடுத்த தமையன் என்ற முறையில், என் ராஜிநாமா சரி என்று உங்கள் தங்கைக்கு நாலு வரி எழுதிவிடுங்கள். குடும்பத்தில் அமைதி திரும்பும். உங்கள் பிள்ளைகள் நோயில்லாமல் படித்து முன்னேறவும், உங்களுக்கு உத்தியோக உயர்வு கிடைக்கவும் கந்தசுவாமியார் அருள் புரிவார்.

இப்படிக்கு,
கொள்கை மாறாத மைத்துனர்,
வே. கனகலிங்கம்

பி.கு.: பொழுதுபட எழுதுவது. மேலே கேட்டதை எழுத வேண்டாம். உறுதியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு இராசமலர் கூட்டத்துக்குப் போய் என் இடத்தில் இருந்துவிட்டாள். ஆறு பங்கும் நிறைந்தது. சின்னாச்சியக்கா எல்லாவற்றையும் சொன்னாவாம், கதிரவேலு ஈர்க்கால் நிலத்தைக் கீறிக்கொண்டிருந்தாராம். வெங்காய விலக்கை எடுத்துவிட்டார்கள். பிறகு உங்கள் தங்கை, வியாழக்கிழமை சின்னாச்சியக்காவுக்குத் துலா மிதிக்கப் போகிறது ஆர் என்று கேட்டாளாம். எல்லோரும் வேம்பை அண்ணாந்து பார்த்தார்களாம். ‘அப்ப எங்கடை வீட்டுக்காரர் மிதிப்பார்’ என்று சொல்லிவிட்டு எழும்பி வந்து, ஒன்பது நாளில் முதல் தடவையாக எனக்குத் தேத்தண்ணி தந்தாள். விலகின என்னையே சங்கம் தன் சேனையாக நியமித்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் துலாவில் ஏறி நிற்கப் போகிறேன். கதிரவேலுவின் பிள்ளைகள் வந்தால் என்ன செய்வதென்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, மச்சான். ஆனாலும் போவேன்.