சபாபதி வீட்டுத் தகரக் கூரை

இந்தத் துண்டு வானத்தையும் மூடிவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன்?

அமிர்தம் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். செம்மண்டலத்து வீட்டின் பின்பக்கம், கொடிக்கயிறு கட்டும் அளவுக்கு ஓரிடம் திறந்து கிடந்தது. சாயங்காலம் துணி எடுக்கும் சாக்கில் அங்கே சும்மா நிற்பாள். அந்த நேரத்தில் அவள் யாருக்கும் எதுவாகவும் இருக்க வேண்டியதில்லை.

ரிட்டயரான அவள் கணவர் சபாபதிக்கோ அங்கே தகரம் போட்டு, நண்பர்களோடு சீட்டாட ஆசை.

"துணி எங்கங்க காயப் போடறது?"

"மாடில போடு."

"முட்டி வலிக்குதே."

"என் வீட்ல ஒரு ஷீட்டு போட நான் யாரைக் கேக்கணும்?"

யாரையும் கேட்காமலே போட்டார். முதல் மழையில் தண்ணீரெல்லாம் பக்கத்து வீட்டுத் தில்லைநாதன் சுவரில் இறங்கியது.

"மாமா, மழை ஒங்களுக்கு, ஓதம் எனக்கா?"

சபாபதி சரிவைத் திருப்பிவிட்டார். அடுத்த மழையில் அடுப்படிக்குள் பருப்பு டப்பா மிதந்தது. ஷீட்டை நீட்டினால் சரியாகும் என்று நீட்டினார். அது தில்லைநாதனின் முருங்கைக் கிளையை முறித்தது. அவர் நேராக நகராட்சிக்குப் போனார். காலியாக விடவேண்டிய இடத்தில் அனுமதியில்லாமல் கூரை போடக் கூடாது, பிரியுங்கள் என்று உத்தரவு வந்தது.

தகரத்தைக் கழற்றிய அன்று அமிர்தம் ஒரே ஒரு துண்டை மடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

சபாபதி விடவில்லை. சிதம்பரத்தில் தெரிந்த இன்ஜினியரிடம் போய், சுவரிலிருந்து தள்ளி, அளவைக் குறைத்துப் புது வரைபடம் வாங்கிவந்தார். சம்மதம் கேட்கப் போனபோது தில்லைநாதன் வீட்டு நாய்க்கும் சேர்த்து வணக்கம் போட்டார்.

"தள்ளித்தான போடறீங்க. போட்டுக்குங்க மாமா, எனக்கென்ன!"

சீட்டாட்ட நண்பர்கள்கூட நாற்காலி எந்தப் பக்கம் என்று யோசனை சொன்னார்கள். டீக்குச் சர்க்கரை கம்மி என்றும் சொன்னார்கள்.

நகராட்சியிலிருந்து கனிமொழி என்ற பெண் அளக்க வந்தாள். டேப்பை இழுத்து நாலு பக்கமும் பார்த்தாள்.

"இப்ப எல்லாம் சரியா இருக்கு சார். ஓனரைக் கூப்பிடுங்க."

"நாந்தாம்மா ஓனரு!"

"இல்ல சார். பத்திரம் அம்மா பேர்ல இருக்கு. அவங்க சம்மதிச்சாத்தான் ஷீட்டு."

வேலையிலிருந்தபோது, பணம் ஏது என்று ஆபீசில் கேள்வி வரக் கூடாதென்று வீட்டை மனைவி பெயரில் பதிந்தது அப்போதுதான் சபாபதிக்கு நினைவுக்கு வந்தது. பிறகு சிரித்துச் சமாளித்தார்.

"யார் பேர்ல இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான். அமிர்தம், இங்க வந்து ஒரு கையெழுத்து போடு."

அமிர்தம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கனிமொழி நீட்டிய பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு வேணாங்க," என்றாள்.