காணாக்கடியும் ஒரு கரண்டி உறைமோரும்

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

சிதம்பரம் கீழவீதியில் வசிக்கும் மதிப்பிற்குரிய மச்சான் கோவிந்தசாமி அவர்களுக்கு (நடுவில் புள்ளி எதுவும் விழவில்லை, மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்), தங்கள் தங்கை ஞானாம்பாளின் கணவன் சடையப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டில் அனைவரும் சௌக்கியமாக இருக்கவேண்டும். இங்கே நான் சௌக்கியமாக இல்லை என்பதால் அடுத்த வரியை வழக்கம்போல் எழுத முடியவில்லை.

ஆறு வருஷமாகத் தாங்கள் என்னோடு பேசுவதில்லை. என் மகள் கயல்விழியின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை 'கோ. விந்தசாமி' என்று அச்சடித்தது அச்சகத்துக்காரன், நான் இல்லை. தாங்கள் மாமன் சீரெல்லாம் குறைவில்லாமல் செய்துவிட்டு, பந்தியில் கை நனைக்காமல் பஸ் ஏறிப் போனீர்கள். பத்திரிகையைப் பார்த்து நான் சிரித்ததுதான் காரணம் என்று ஞானம் சொல்கிறாள். சிரித்தேன், இல்லை என்று சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கயல்விழியின் பிரசவத்துக்கு ஞானம் ஓசூர் போய் நாலு மாதம் ஆகிறது. அவள் போன மூன்றாம் வாரம் என் உடம்பெல்லாம் தடித்துக்கொண்டது. முதலில் முழங்கை, அப்புறம் முதுகு, அப்புறம் ஒரு நாள் உதடு வீங்கி, பால்காரர் என்னைப் பார்த்துவிட்டு வீட்டில் சார் இல்லையா என்று என்னிடமே கேட்டார். எல்லோரும் காணாக்கடி என்றார்கள். வெற்றிலையில் மிளகு வைத்து மென்றேன், கம்பளியால் தேய்த்தேன், தேய்த்த இடத்தில் ஜாஸ்தியானது. டவுன் பஸ்ஸில் நான் சொறிகிற சொறியைப் பார்த்து, பக்கத்து சீட்டு அம்மா நின்றுகொண்டே வருவதாகச் சொல்லிவிட்டார். கடைசியில் டாக்டர் வெண்மதியிடம் போனேன். ஆறு வாரத்துக்கு மேல் போனால் இது நாள்பட்டது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். பூச்சி எதுவும் கடிக்கவில்லையாம். குடலுக்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியா குடியிருக்கிறதாம், இந்தத் தடிப்பு வருகிறவர்கள் பலருக்கு அந்தக் கூட்டம் மாறிப்போயிருப்பதாக ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்களாம், எதனால் எது என்று இன்னும் உறுதியாகத் தெரியாதாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று கடிக்கிறது என்றுதானே தங்கள் அம்மா பட்டம்மாள் அத்தையும் சொல்வார்கள், விலாசம் மட்டும்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் டாக்டர், "சமீபத்துல சாப்பாட்டுல எதுனா மாத்துனீங்களா சார்?" என்றார். இல்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

மாறியது தயிர், மச்சான். ஞானம் ஊருக்குப் போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனாள், தினமும் ஒரு கரண்டி தயிரை எடுத்துவைத்துப் பாலில் உறை ஊற்றச் சொல்லி. பதினோரு நாள் செய்தேன். பன்னிரண்டாம் நாள் மாவடுவோடு வழித்துச் சாப்பிட்டு, பாத்திரத்தை விளக்கிக் கவிழ்த்தும் வைத்துவிட்டேன். அன்றிலிருந்து பாக்கெட் தயிர். அது உங்க அம்மா தயிர். கல்யாணமாகி வரும்போது ஞானம் அதை ஒரு சின்னத் தூக்கில் மடியில் வைத்துக்கொண்டு புவனகிரி வழியாக பஸ்ஸில் வந்தாள். பொறந்த வீட்ட விட்டு வர்றாளே, அழுவாளோ என்று நான் பயந்தேன். அவள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூடியைத் திறந்து, சிந்திப்போச்சா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். அன்று அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அதுக்கு முன்னால நான் சிதம்பரத்துல ஹாஸ்டல்ல இருந்த நாள் ஞாபகம் இருக்கா? ஞாயித்துக்கிழமை ஆனா உங்க வீடுதான். அத்தை கல்சட்டியிலிருந்து தயிர்சாதத்தை உருட்டி உருட்டிக் கையில் போடுவாங்க. என் உருண்டைக்கு நீ கை நீட்டுவ, உன் கொத்சுல நான் கை வைப்பேன். பஸ் ஸ்டாண்டு போண்டா, கொள்ளிடக் கரை எறால் வடை, எதைத் தின்னாலும் நமக்கு ஒரு தடிப்பு வந்துச்சா? ஒரே சட்டியில சாப்பிட்ட வயிறு, உனக்குள்ள இருந்த பாக்டீரியாதான எனக்குள்ளயும் இருந்திருக்கும். ஆறு வருஷமா நீ இல்ல, நாலு மாசமா தயிரும் இல்ல. வேற என்னத்தச் சொல்ல.

மன்னிக்கவும், 'நீ' என்று எழுதிவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை ஞானம் வருகிறாள். அம்மா ஞாபகமாக அவள் வைத்திருந்தது அது ஒன்றுதான். நான் தொலைத்துவிட்டேன் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. தங்கள் வீட்டில் அதே தயிர் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கரண்டி உறைமோரை யாரிடமாவது வியாழக்கிழமைக்குள் கொடுத்தனுப்பவும். தாங்கள் நேரில் வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஞானத்தின் அண்ணிக்கு என் வணக்கம். தங்கள் பேரப்பிள்ளைகள் பெயரில் புள்ளி இல்லாமல் நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சடையப்பன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது ஞானம் போன் செய்தாள். மனசு கேட்கவில்லை, உறைமோர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள், "அம்மா தயிரு அந்தத் 'தானே' புயலப்பவே போச்சுங்க. கரண்டு இல்ல, எட்டு நாளு பாலே வரல. நம்ம பக்கத்து வீட்டு ராபர்ட் சார் வீட்லதான் ஒரு கரண்டி வாங்குனேன். அத்தை தயிரு, அத்தை தயிருன்னு நீங்க தெனம் சொல்லிச் சொல்லி சாப்புட்டீங்க, நான் எப்படிச் சொல்றது?" என்றாள். ஆக, இத்தனை வருஷமாக நான் சாப்பிட்டது ராபர்ட் சார் வீட்டுத் தயிர். மேலே பாக்டீரியா பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடப் போகிறேன். ஆனால் போனை வைக்கும்போது, "அண்ணன் வீட்ல அம்மா தயிரு இன்னும் இருக்கும்ல?" என்று கேட்டாள். அதனால் யாரிடமும் கொடுத்தனுப்பாதே, நீயே கொண்டு வா. கிளம்பும்போது, இது அம்மா தயிர்தானா என்று மட்டும் உன் வீட்டில் கேட்டுவிடாதே.