வாசிப்பு ஜோடிகள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பரீட்சையில் போன தடவையைவிட மோசமாக வாசித்தார்கள். ஏழாம் வகுப்பு அக்காக்களும் அண்ணன்களும் சின்னதுகளோடு ஜோடி ஜோடியாக உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது டீச்சருடைய யோசனை. தலைமை ஆசிரியர் பின்னாலேயே அலைந்து வாங்கிய அனுமதி. நன்றாக வாசிக்கத் தொடங்கியவர்கள் தங்கள் வகுப்புக்கே திரும்பிவிடலாம் என்பது ஏற்பாடு. வாசிப்பு தேறவில்லை என்றால் இதற்கென ஒதுக்கிய அறையை உடைந்த பெஞ்சுகளுக்குக் கொடுத்துவிடப்போவதாக அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

பாடம்தான் கஷ்டமோ என்று இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்தாள். இன்னும் தடுமாறினார்கள். பரீட்சையில் தனியாக வாசிக்கப் பயமாக இருக்குமோ என்று அப்போதும் அக்காக்களைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் வாண்டுக்கு 'அம்மா'கூட வாயில் வரவில்லை. 'அ...' என்று இழுத்துவிட்டு அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் குண்டூசி கடைப் பலகையெல்லாம் படிக்கிறாளே என்று அந்த அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் புளுகுகிறாள் என்று நினைத்த டீச்சர் ஒரு முறை முறைத்தாள்.

கடைசியாக ஆசை காட்டினாள். "நல்லா வாசிக்கிறவங்க நாளையிலேர்ந்து இங்க வரவேண்டாம். விளையாடப் போகலாம்."

அவ்வளவுதான், மொத்த அறையும் ஊமையாகிவிட்டது. ஒருவன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழித்தான்.

தலைமை ஆசிரியர் மதிப்பெண்களைப் பார்த்தார். "சொல்லிக் குடுக்கக் குடுக்க மறந்துக்கிட்டே வர்றாங்களே, இது என்ன மாயம் டீச்சர்?"

டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை மாதம் ஓடி ஓடிச் செய்ததெல்லாம் வீண்தானா? பயிற்சியை நிறுத்தச் சொல்லிவிட்டார் அவர்; அதன்படி ஓர் அறிவிப்பை எழுதிக் கதவில் ஒட்டினாள்.

குண்டூசி அதன் முன்னால் வந்து அண்ணாந்து நின்றாள்.

"மாணவர் துணையுடன் நடைபெற்ற வாசிப்புப் பயிற்சி, எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லாததால், இன்றுடன் நிரந்தரமாக நிறுத்தப்படுகிறது" என்று மூச்சு விடாமல் படித்து முடித்தாள்.

டீச்சர் கையிலிருந்த பசை டப்பா கீழே விழுந்தது.

குண்டூசி கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பினாள். "நல்லா வாசிச்சா அக்காவைப் பிரிச்சிருவீங்கன்னுதானே டீச்சர், இத்தனை நாளா கஷ்டப்பட்டுத் தப்புத் தப்பா வாசிச்சோம்?"