இங்கிரிட் அம்மையார் என் படத்துக்கு மாலையிட்ட நாள்

பொதுமக்களின் அனுபவங்களைச் சேகரித்து வைக்கும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

தொடக்கத்திலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் இறந்துவிட்டதாக எங்கள் தெருவே அழுத அந்த நாளில், குற்றவாளி நான்தான்.

என் பள்ளிப் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. பொதுப்பணித் துறையில் ஏரி மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராகப் பணியாற்றியபோது, கரையில் அமர்ந்து ஓர் அகராதியை மூன்று முறை முழுவதுமாகப் படித்து ஆங்கிலம் கற்றேன். (மூன்றாம் முறை படித்தது, முதல் இரண்டு முறையும் புரியாததால்.) அந்த ஆங்கிலத்தின் மீது எனக்கிருந்த பெருமிதம் அதைக் கேட்க நேர்ந்தவர்களுக்கு இருந்ததில்லை.

செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டு மாடி அறைக்குச் சுவீடன் நாட்டிலிருந்து இங்கிரிட் அம்மையார் குடிவந்தார். வயது ஐம்பத்தைந்து, நூலகராக இருந்தவர். அண்ணாமலையைப் பார்த்துக்கொண்டு இங்கேயே வாழ்ந்துவிடுவது என்று, அங்கிருந்த வீட்டையும் காலி செய்துவிட்டு வந்திருந்தார். மூன்றாம் மாதமே அவர் முகம் வாடிவிட்டது. வண்டிகளின் ஒலிப்பான் ஓயவில்லை. ஏன் திருமணம் செய்துகொள்ளவில்லை என்று காய்கறிக்காரர் கேட்கிறார். எல்லோரும் பார்க்கிறார்கள், எவரும் அருகில் வந்து அமர்வதில்லை. “மாதக் கடைசியில் திரும்பிவிடலாம் என்றிருக்கிறேன்” என்றார் ஒருநாள்.

என் தன்மானம் இதை ஏற்கவில்லை. என் மாடியில் குடியிருந்தவர் நம் ஊர் பிடிபடவில்லை என்று திரும்புவதா? நம் வழக்கங்களை நானே விளக்குவதாக வாக்களித்து, மாலை ஐந்து மணிக்கு வகுப்பே தொடங்கிவிட்டேன். (பாவம், நோட்டுப் புத்தகமெல்லாம் வாங்கினார்.)

கூடத்தில் மாட்டியிருந்த என் தந்தையாரின் படத்தைக் காட்டி, “இவருக்கு ஏன் மாலை?” என்று வகுப்பில் கேட்டார்.

“எங்கள் இல்லங்களில் இதைவிட உயர்ந்த மரியாதை கிடையாது. மிக மேலானவர்களின் படத்துக்கு மட்டுமே மாலை சூட்டி விளக்கேற்றுவோம்” என்றேன். அகராதியில் நான் சேமித்திருந்த பெரிய சொற்கள் அனைத்தையும் அந்த ஒரு விடையில் இறக்கினேன். ‘காலமானவர்’ என்ற சிறிய சொல்லுக்கு அதில் இடமில்லாமல் போயிற்று. அவர் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் எனக்கு எழுபது நிறைந்தது. ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை நேரில் சென்று காட்டும் ஆண்டு நேர்காணலும் அன்றே அமைந்ததால், காலையிலேயே வேங்கிக்காலில் உள்ள அலுவலகத்துக்குப் புறப்பட்டேன். என் மனைவி பச்சையம்மாள், அடி அண்ணாமலையில் தன் தம்பி நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போயிருந்தாள். அலுவலகத்துக்கு மரியாதை என்று கைபேசியை அணைத்து வைத்தேன்.

நான் உயிரோடு இருப்பதை அரசுக்கு ஐயமற நிறுவிவிட்டு, நண்பகலில் தலைநிமிர்ந்து தெருமுனையில் இறங்கினேன். என் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பெருங்கூட்டம். நெருங்கினேன். ஓரமாக நின்ற ஒருவர் திரும்பிப் பாராமலே, “செருப்ப அப்பால வுட்டுட்டுப் போங்க” என்றார். (விட்டேன். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே பழகிய உடம்பு.)

சாக்கடை நீர் போகும் வழிக்காக முப்பது ஆண்டுகளாக என்னோடு சண்டையிட்டுவரும் எதிர்வீட்டுக் கண்ணப்பன், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தங்கமான மனுஷன்பா. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி.”

“யாருங்க?” என்றேன், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து.

“நம்ம லஸ்கருதான். காத்தால நல்லாத்தான் போனாரு. வேங்கிக்கால்ல வுழுந்துட்டாராம்.” (இந்தத் தகவலைச் சேர்த்தது யார் என்று இன்றுவரை எவரும் ஒப்புக்கொள்ளவில்லை.)

“பாடி எப்ப வருதாம்?” நாக்கு தானாகக் கேட்டுவிட்டது.

“சாயந்திரம் ஆவும்னு சொல்...” என்று திரும்பியவர், என்னைக் கண்டு நாற்காலியில் சரிந்தார்.

உள்ளே ஒரு முக்காலியின் மீது, அம்மையார் தம் கைபேசியில் எடுத்துச் சட்டமிட்டிருந்த என் படம். கை பருமனுக்கு ரோஜா மாலை. விளக்கு, ஊதுவத்தி. பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய அம்மையார், அழுதுகொண்டு வந்த ஒவ்வொருவருக்கும் முகம் மலர்ந்து சேமியா பாயசம் கொடுத்துக்கொண்டிருந்தார். “அதிர்ச்சில புத்தி கலங்கிப் போச்சு, பேசாம வாங்கிக்கோ” என்று ஒரு பெண் இன்னொருத்தியிடம் கிசுகிசுத்தாள். அம்மையாருக்கு மாலை விற்ற பூக்காரி செல்வி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

“யம்மா! ஒண்டியா வந்து இந்த மனுஷன நம்பி இருந்தியே, இப்பிடி வுட்டுட்டுப் போயிட்டாரே!”

அம்மையார் கண்களிலும் நீர். மூன்று மாதத்தில் முதன்முறையாக அவரை ஒருவர் தொட்டிருக்கிறார். “நன்றி, நன்றி” என்று செல்வியின் முதுகைத் தடவினார். என்னைக் கண்டதும் கைதட்டி, “பிறந்தநாள் வாழ்த்துகள்!” என்றார். அவர் ஒருவர் மட்டுமே தட்டினார்.

அந்த நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள் பச்சையம்மாள். தலைவிரி கோலமாக அலறிக்கொண்டு ஓடிவந்தவள், என்மீதே மோதி நின்றாள்.

“ஏங்க! உசுரோட இருக்கிற மனுஷன் போன எடுக்க மாட்டீங்களா?”

மல்லாட்டைக் காட்டு மண் ஒட்டிய கையால் முதுகில் ஓர் அறை. எழுபதாம் பிறந்தநாளுக்கு வேறு பரிசு எனக்கு நினைவில்லை.

விடுபட்ட அந்தச் சிறிய சொல்லை அம்மையாருக்கு அப்போதுதான் சொன்னேன். அவர் நேராக மாடிக்குப் போனார். நான் பின்தொடர்ந்தபோது பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். “ஒரு தெருவையே அழவைத்துவிட்டேன். இனி எந்த முகத்தோடு இங்கே நடப்பேன்?” பிழை முழுவதும் என்னுடையது என்று அகராதியையே காலடியில் கொட்டினேன். அவர் கை நிற்கவில்லை.

என் வகுப்பு எவ்வளவு வெறுமையானது என்பது அப்போது எனக்கு உறைத்தது.

படியேறி வந்த செல்வி, நேராகப் போய்ப் பெட்டியின் மீது உட்கார்ந்தாள்.

“எங்கம்மா போற? கட்டிப்புடிச்சு அழுதாச்சு. அசலாரக் கட்டிப்புடிச்சு யாராவது அழுவாங்களா? எறங்கி வா.”

மொழிபெயர்த்தேன். “அவர்களுக்கு என்மீது கோபம் இல்லையா?” என்று கேட்டார் அம்மையார். அதையும் மொழிபெயர்த்தேன்.

“கோவம்தான். பாயசத்துல சக்கர கம்மி.”

அம்மையார் சிரித்தார், பிறகு அழுதார், செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கலைந்து போகாமல் நின்ற கூட்டத்துக்கு, சர்க்கரை சேர்த்துப் பாயசம் மறுபடி வழங்கப்பட்டது. படத்து மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டவர் கண்ணப்பன்.

ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அம்மையார் மாடியில்தான் இருக்கிறார். தெருவில் நலங்கோ துக்கமோ, அவரை அழைக்க ஆள் போகாமல் எதுவும் தொடங்குவதில்லை. ஒரு தெரு தனக்காக அழுததை உயிரோடு நின்று பார்த்தவன் நான். அந்தப் பெருமையை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கண்ணப்பனிடம் நினைவூட்டினால், “நான் புகழ்ந்தது செத்துப்போன லஸ்கர. ஒன்ன யாருய்யா புகழ்ந்தா?” என்கிறார். எனக்குச் சற்று காய்ச்சல் கண்டாலும் பச்சையம்மாள், “ஒருதரம் அழுது முடிச்சாச்சு, இன்னொரு தரம் என்னால ஆவாது” என்று கஞ்சியை வைத்துவிட்டுப் போகிறாள்.

என் மகன் இதைச் சொல்லும்போதெல்லாம், படத்தைப் பார்த்து நான் மயங்கி விழுந்ததாகச் சேர்த்துச் சொல்கிறான். நான் விழவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிய இந்தத் தாள்களைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.