கூடைப்பந்து ஜெர்சிக்கு இரண்டு சாட்சிகள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று முறை உங்கள் எண்ணை அழுத்தி, மூன்று முறையும் நீங்கள் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன்.

விஷயம், கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உங்கள் ஜெர்சி. அலுவலகக் குடியிருப்பில் சுவர் ஓதம் காக்கிறது என்று, கண்ணாடிச் சட்டத்தோடு அதைக் கொண்டுவந்து என் நாற்காலிக்கு எதிரே மாட்டினீர்கள். "மாமா, துவைக்கக் கூடாது, வெயில் படக் கூடாது, மடிக்கக் கூடாது. மத்தபடி ஒண்ணுமே செய்ய வேணாம்" என்றீர்கள். முதல் மூன்றையும் தாளில் குறித்து வைத்தேன். நாலாவதையும் குறித்திருக்க வேண்டும். திருமணமாகி ஆறு வருடத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் உதவி இது. அதற்கு முன்பு கேட்டதெல்லாம் "சுவிட்ச் எங்க இருக்கு மாமா" என்பது மட்டும்தான். ஆகவே பொறுப்பைப் பெரிதாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்தவன். பெயரும் தேதியும் இல்லாத ஒரு கையெழுத்தை அங்கே நான் உள்ளே விட்டதில்லை. என் சொந்தச் சித்தப்பாவின் பத்திரத்தையே இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். அதோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். அப்படிப்பட்டவனுக்கு எதிரே, பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்ததுபோல ஒரு சுழி, சுழிக்கு ஒரு வால், வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி. எட்டு மாதம் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். ஒரே ஒரு நாள் உங்கள் அத்தையிடம், "இது யார் கையெழுத்துன்னு யாராவது கேட்டா என்ன சொல்றது?" என்றேன். "யாரும் கேக்க மாட்டாங்க. ஆறிப்போகுது, குடிங்க" என்றாள்.

கேட்டுவிட்டார்கள். கூடைப்பந்துச் சங்கத்தார் கண்காட்சி அறை திறக்கிறார்கள், மாட்டப்போகும் நான்கு ஜெர்சிகளில் ஒன்று உங்களுடையது, அதன் கீழே உங்கள் பெயர் போட்ட அட்டை இருக்கும், அடுத்த ஞாயிறு அலுவலக நண்பர்களோடு வருகிறீர்கள் என்று செவ்வாய்க்கிழமை போன் செய்தீர்கள் அல்லவா? புதன்கிழமை சங்கச் செயலாளர் வந்தார். சட்டத்துக்குள் எட்டிப் பார்த்து, "இது அவர் கையெழுத்துதான்னு ஏதாவது சான்று இருக்கா சார்?" என்றார். மாப்பிள்ளை, ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை. இரண்டு நாள் அவகாசம் வாங்கினேன்.

உங்கள் ஆட்டக்காரரை ஊரில் இன்னும் 'ஏணி' என்றுதான் சொல்கிறார்கள். இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். வியாழக்கிழமை நான் போனபோது ஒரு சின்னக் காருக்குள், முழங்கால் இரண்டும் காதைத் தொட, பயிற்சியாளர் இருக்கையில் மடங்கிக் கிடந்தார். ஓட்டுநர் இருக்கையில் ஒரு அம்மாள் ரிவர்ஸ் கியரைத் தேடிக்கொண்டிருந்தார். சட்டத்திலிருந்து கழற்றிக் கொண்டுபோன ஜெர்சியை ஜன்னல் வழியாக நீட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"ஐயா, இது என் கையெழுத்து இல்லீங்களே."

"வயசாக ஆக எல்லாருக்கும் மாறும்."

"நான் இடது கைங்க. இது வலது கைக்காரங்க போட்டது."

"விளையாட்டுல கையில அடிபட்டிருக்கும். மறந்திருப்பீங்க."

"அடிபட்டது முழங்கால்லங்க. முழங்கால்ல நான் கையெழுத்துப் போடறதில்லை."

தன் கையெழுத்தையே இல்லை என்று சாதிப்பவர்களை நான் தினமும் பார்த்தவன். அதனால் அசரவில்லை. ஒரு தாளில் ஆறு மாதிரிக் கையெழுத்து வாங்கினேன். ஆறும் ஒன்றுபோல இருந்தன. ஜெர்சியில் இருந்ததுபோல ஒன்றுகூட இல்லை. புத்தியுள்ளவன் அதோடு ஜெர்சியை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பான். மடிக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். ஆகவே, "சரி, பழசு அப்படியே இருக்கட்டும். கீழ புதுசா ஒண்ணு போடுங்க, பேரு, தேதியோட" என்றேன். நல்ல மனிதர், போட்டார். அதற்கப்புறம் கை தானாகவே நடந்துவிட்டது மாப்பிள்ளை. பையில் மைப் பெட்டி எப்போதும் இருக்கும், இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கினேன். ரேகை வாங்கினால் இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று நான். இன்னொன்று கார் அம்மாள்.

"எனக்குக் கூடைப்பந்தே தெரியாதே சார்."

"சாட்சிக்குப் பந்து தெரிய வேணாம்மா. ஆள் கையெழுத்துப் போட்டதைப் பாத்தீங்களா? அது போதும்."

அந்த அம்மாள் முகவரியை அவ்வளவு நீளமாக எழுதுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் முகவரிக்கு முன்புறம் இடமில்லாமல் முதுகுப் பக்கம் போனேன். பார்ப்பவர்கள் குழம்பக் கூடாதே என்று ஜெர்சியின் முன்புறம் எண் பதினொன்றுக்குக் கீழே 'பின்பக்கம் பார்க்க' என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை செயலாளர் வந்தார். முன்புறம் படித்தார், பின்புறம் படித்தார்.

"சார், இது ஜெர்சியா, கிரயப் பத்திரமா?"

"நீங்கதானே சான்று கேட்டீங்க?"

"ஒரு தாள்ல கேட்டேன் சார்."

மாட்ட முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உங்கள் ஜெர்சிக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு நடுவரின் பழைய விசிலை மாட்டப்போகிறார்களாம். உங்கள் அத்தை இரண்டு நாளாக என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை. "பாத்துக்கச் சொன்னா பதிவு பண்ணிட்டு வந்து நிக்கிறீங்க. மாப்பிள்ளை இனிமே இந்த வீட்டுல ஒரு குடையைக்கூட வெச்சுட்டுப் போக மாட்டார்." அது நியாயம் என்றே எனக்கும் படுகிறது. பதினாறு வயதில், இறுதி ஆட்டம் முடிந்து மூன்று மணி நேரம் மழையில் நின்று நீங்கள் வாங்கிய கையெழுத்து அது. அதன் பக்கத்தில் என் கதவு எண்ணை எழுதிவைத்திருக்கிறேன். மன்னித்துவிடுங்கள் மாப்பிள்ளை. அலுப்பாக இருக்கிறது. சரியாகச் செய்வது என்பதை மட்டும் கற்றுக்கொண்டேன். எப்போது சும்மா இருப்பது என்பதற்கு எங்கள் அலுவலகத்தில் விதி இல்லை. இனி என்னை நம்பி எதையும் கொடுக்க வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் மறுப்பதற்கில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். என் மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும், வாங்கிக்கொள்ளும் மனநிலையில் இருந்தால்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் என் மகள் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னேன். சுழிக்குக் கீழே இரண்டு புள்ளி இருக்கிறதா என்று கேட்டாள். பிறகு, "அப்பா, அந்தச் சுழி நான் போட்டது" என்றாள். கல்யாணமான இரண்டாம் மாதம், அழுக்குத் துணி என்று நினைத்து உங்கள் ஜெர்சியைத் துவைத்துவிட்டாளாம். கையெழுத்து நுரையோடு போய்விட்டதாம். விளையாட்டுச் சாமான் கடையில் அதே எண்ணில் வேறொன்று வாங்கி, புதிதாகத் தெரியக் கூடாது என்று அதை நான்கு முறை துவைத்து, தோன்றியபடி கையெழுத்துப் போட்டுச் சட்டத்தில் வைத்தாளாம். "ஆறு வருஷமாச் சொல்லணும்னுதான்பா இருக்கேன். நீங்க வாயைத் திறந்துடாதீங்க" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை ரத்து செய்துகொள்கிறேன். அந்தத் துணியில் ஏணியின் கை பட்டது வியாழக்கிழமைதான். அதற்குத் தேதி, ரேகை, இரண்டு சாட்சி எல்லாம் இருக்கிறது. செயலாளருக்கும் இதை எழுதியே கொடுத்துவிட்டேன். விசிலை மாட்டியாகிவிட்டதாம், பக்கத்தில் ஆணி இறங்குமா என்று பார்க்கிறார். முதல் கையெழுத்தை ஒரு கோடு போட்டு அடித்து, 'அடித்தல் ஒன்று' என்று குறித்திருக்கிறேன். அதற்கு எதிரே, போட்டவரே சுருக்கொப்பம் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் அடுத்த பஸ்ஸில் தனியாக வருகிறேன் என்பாள். விடாதீர்கள், கூடவே அழைத்து வாருங்கள். பேனா நான் வைத்திருக்கிறேன்.